கறிபாப் கணக்கு: மர வரைபடத்தில் 7/40, சேர்வில் 21/40. எது சரி?

ஜெலுத்தோங் அம்மா

வணக்கம். என் மகள் படிவம் 4. கணிதத்தில் ‘கெபாராங்காலியான் பெரிஸ்திவா பெர்காபோங்’, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் சேர்ந்து வரும்போது நிகழ்தகவு காண்பது, பள்ளியில் இப்போதுதான் முடிந்தது. மர வரைபடம் அழகாகவே வரைவாள். போன வாரம் டியூஷனில் இந்தக் கேள்வி வந்தது.

பெட்டியில் 10 கறிபாப் (உள்ளே மசாலா வைத்துப் பொரித்த பண்டம்). 7 உருளைக்கிழங்கு, 3 சார்டின் மீன். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பார்க்காமல் மூன்றை எடுத்தால், சரியாக இரண்டு உருளைக்கிழங்காக இருக்க நிகழ்தகவு என்ன?

மகள் எழுதியது: 7/10 × 6/9 × 3/8 = 126/720 = 7/40.

டியூஷனில் கொடுத்த விடை: (7சி2 × 3சி1) ÷ 10சி3 = 63/120 = 21/40.

அவள் விடையின் மேல் ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். ஏன் தவறு என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த ‘சி’ கணக்கு, அதாவது சேர்வு, எட்மேத்ஸ் என்னும் கூடுதல் கணிதத்தில் படிவம் 5-இல்தான் வருகிறது, அவள் இன்னும் படிக்கவே இல்லை. நான் படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு எழுதி 22 வருடம் ஆகிறது. இரவு பதினொரு மணி வரை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். மரத்தில் எங்கே பிழை என்று தெரியவில்லை. “அப்படியென்றால் மர வரைபடம் பொய்யா அம்மா?” என்று கேட்கிறாள். யாராவது பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

பிறை லோரி

அக்கா, நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கு மூன்றாவதாக ஒரு விடை வருகிறது. உருளைக்கிழங்கு பத்தில் ஏழு, அதனால் 0.7. சார்டின் 0.3. 0.7 × 0.7 × 0.3 போட்டு, சார்டின் எந்த இடத்திலும் வரலாம் என்பதால் மூன்றால் பெருக்கினேன். 0.441. இது சரியா?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

அம்மா, முதலில் மகளிடம் சொல்லுங்கள்: மரம் பொய் சொல்லவில்லை. அவள் போட்ட பெருக்கலிலும் பிழை இல்லை. மூன்று கிளைப் பாதைகளில் ஒன்றை மட்டும் நடந்துவிட்டு நின்றுவிட்டாள்.

ஒரு தாளை எடுத்து முழு மரத்தையும் வரையச் சொல்லுங்கள். பாதி மரம் வேண்டாம். உருளைக்கிழங்குக்கு ‘உ’, சார்டினுக்கு ‘ச’. மூன்று முறை எடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் இரண்டு கிளை. கடைசியில் எட்டு நுனி வரும். ஒவ்வொரு நுனிக்கும் பகுதி 10 × 9 × 8 = 720. தொகுதியை மட்டும் எழுதுகிறேன்.

உ உ உ : 7 × 6 × 5 = 210
உ உ ச : 7 × 6 × 3 = 126
உ ச உ : 7 × 3 × 6 = 126
ச உ உ : 3 × 7 × 6 = 126
உ ச ச : 7 × 3 × 2 = 42
ச உ ச : 3 × 7 × 2 = 42
ச ச உ : 3 × 2 × 7 = 42
ச ச ச : 3 × 2 × 1 = 6

எல்லாவற்றையும் கூட்டினால் 720. இந்தச் சோதனையை ஒருபோதும் விட வேண்டாம். கூட்டி 720 வரவில்லை என்றால் எங்கோ ஒரு கிளை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

‘சரியாக இரண்டு உருளைக்கிழங்கு’ எங்கெங்கே இருக்கிறது? இரண்டாம், மூன்றாம், நான்காம் வரிகள். 126 மூன்று தடவை, 378. 378/720 = 21/40. டியூஷன் விடை வந்துவிட்டது, ‘சி’ இல்லாமலே.

மகள் இரண்டாவது வரியை மட்டும் எடுத்திருக்கிறாள். ‘இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு சார்டின்’ என்று கேள்வி சொன்னதும், அதே வரிசையில் கை போய்விட்டது. முப்பது வருடம் வகுப்பில் நின்றவன் நான். இந்தப் பாடத்தில் நான் பார்த்த பிழைகளில் இதுதான் மிக அதிகம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் வரும். ஒரு குறுக்குக் கோட்டைப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற பிழை இல்லை இது. ‘இன்னும் இரண்டு பாதை இருக்கிறது, தேடு’ என்று பக்கத்தில் எழுதியிருந்தால் பிள்ளை அங்கேயே பிடித்திருப்பாள்.

லோரித் தம்பி, மூன்றால் பெருக்கினீர்களே, அதுதான் இந்தக் கணக்கின் உயிர். நீங்கள் தவறியது வேறு இடம். முதல் கறிபாப்பை எடுத்த பிறகு பெட்டியில் ஒன்பதுதான் இருக்கும். உருளைக்கிழங்கு போயிருந்தால் மீதி ஆறு, அப்போது 6/9. நீங்கள் 0.7-ஐ மாற்றாமல் வைத்ததால், ஒவ்வொரு முறையும் எடுத்ததைப் பெட்டியில் திரும்ப வைத்துக் கலக்கியது போல் ஆகிவிட்டது. திரும்ப வைத்தால் 0.441 சரி. வைக்காவிட்டால் 0.525.

ஜெலுத்தோங் அம்மா

சார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டு வரியையும் அவளே எழுதிக் கூட்டிப் பார்த்தாள். 720 வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்னும் ஒரு சந்தேகம். இது அவள் கேட்டது. கேள்வியில் ‘மூன்றை எடுத்தால்’ என்றுதான் இருக்கிறது. ஒவ்வொன்றாக என்று இல்லை. ஒரே கையில் மூன்றையும் அள்ளினால் முதலாவது, இரண்டாவது என்பதே கிடையாதே. அப்போதும் மரம் வரையலாமா?

மிண்டேன் மாணவி

அக்கா, நான் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறேன். தங்கச்சி கேட்டிருப்பது மிக நல்ல கேள்வி. நேராகப் பதில் சொன்னால், ஒரே கையில் அள்ளினால் மரம் வராது, அங்கே சேர்வுதான் போட வேண்டும்.

மொத்தம் எத்தனை விதமாக மூன்றை அள்ளலாம்? 10சி3 = 120. அதில் ஏழு உருளைக்கிழங்கிலிருந்து இரண்டு, 7சி2 = 21 விதம். மூன்று சார்டினிலிருந்து ஒன்று, 3 விதம். 21 × 3 = 63. ஆக 63/120. வரிசை பற்றிக் கவலையே இல்லை.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

கணக்கு சரி தங்கச்சி. ஆனால் ‘மரம் வராது’ என்று சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதைத் திருத்தாவிட்டால் பிள்ளை இரண்டு தனித்தனிக் கணிதம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

மூன்றையும் ஒரே கையில் அள்ளுங்கள். கையை மூடிக்கொள்ளுங்கள். இப்போது ஒரு விரலைத் திறந்து ஒன்றை மேசையில் வையுங்கள், அப்புறம் அடுத்தது, அப்புறம் கடைசி. கைக்குள் இருப்பது ஏதாவது மாறிவிட்டதா? இல்லை. அள்ளுவதும், திரும்ப வைக்காமல் ஒவ்வொன்றாக எடுப்பதும் நிகழ்தகவில் ஒன்றேதான்.

ஏன் இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறது என்பதை இந்த எண்களே காட்டும். மரத்தில் பகுதி 720. சேர்வில் 120. 720-ஐ 120-ஆல் வகுத்தால் 6. ஒரு கைப்பிடியில் இருக்கும் மூன்று கறிபாப்பை மேசையில் வரிசையாக வைக்க 3 × 2 × 1 = 6 வழி. மரம் அந்த ஆறையும் தனித்தனியாக எண்ணுகிறது. சேர்வு ஆறையும் ஒரே கைப்பிடி என்று எண்ணுகிறது. மேலே 378, அதை 6-ஆல் வகுத்தால் 63. கீழே 720, வகுத்தால் 120. மேலும் கீழும் அதே ஆறு போய்விடுகிறது.

பிள்ளைகள் மாட்டிக்கொள்வது, மேலே வரிசையை மறந்து, கீழே வரிசையோடு எண்ணும்போது. 63/720 என்று எழுதி வைத்த தாள்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மேலே எப்படி எண்ணினாயோ அப்படியே கீழேயும் எண்ணு. இதை மட்டும் வகுப்பில் பலகையின் ஓரத்தில் வருடம் முழுக்க எழுதி வைத்திருப்பேன்.

மிண்டேன் மாணவி

சார், நீங்கள் சொல்வது சரி. மரம் வராது என்று சொன்னது என் தவறு. கைக்குள் மூன்றையும் மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வைக்கும் விளக்கத்தை என் டியூஷன் பிள்ளைகளுக்கும் சொல்லப்போகிறேன்.

ஜெலுத்தோங் அம்மா

6-ஆல் வகுத்தால் மேலும் கீழும் போய்விடுகிறது என்பது எனக்கே புரிந்துவிட்டது. ஆனால் சேர்வு என்றால் என்ன என்பதை கால்குலேட்டரில் அந்த என்சிஆர் (nCr) பட்டனை அழுத்தாமல் அவளுக்குச் சொல்ல ஒரு வழி வேண்டும். கேசியோ வைத்திருக்கிறாள், அழுத்தினால் 120 வருகிறது, ஆனால் அந்த 120 எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

சமையலறையில் தொடங்குங்கள் அம்மா. நான் எப்போதும் அறுசுவையில்தான் தொடங்குவேன்.

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு. ஒரு பண்டத்தில் எத்தனை சுவை வேண்டுமானாலும் சேர்க்கலாம். எத்தனை விதமான சேர்க்கை வரும்? ஒரே சுவை என்றால் 6. இரண்டிரண்டாக என்றால்? இனிப்போடு மற்ற ஐந்து, புளிப்போடு அடுத்த நான்கு (இனிப்பு-புளிப்பை ஏற்கனவே எண்ணியாயிற்று), பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. கூட்டினால் 15. மூன்று மூன்றாக 20. நான்கு சுவை சேர்வது 15, ஐந்து 6, ஆறும் சேர்வது 1. மொத்தம் 63.

நான்குக்கும் இரண்டுக்கும் ஏன் அதே 15 என்று கேளுங்கள். ஆறில் நான்கைத் தேர்ந்தெடுப்பது என்பது இரண்டை ஒதுக்குவதுதான். இதைப் பிள்ளையே கண்டுபிடித்தால் பிறகு மறக்காது.

இந்தக் கணக்கு நான் உண்டாக்கியது இல்லை. சுசுருதரின் மருத்துவ நூலிலேயே சுவைச் சேர்க்கைகள் 63 என்று எண்ணியிருக்கிறார்கள். பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியிலும் அறுசுவைக் கணக்கு வருகிறது. பிரெஞ்சுக் கணித மேதைகள் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டப் பந்தயத்தைப் பங்கிடுவது பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டது 1654-இல். நிகழ்தகவுக் கணிதம் அங்கே பிறந்தது என்பார்கள், அது நியாயம்தான். ஆனால் சேர்க்கையை எண்ணும் வித்தை அதற்கு மிக முன்னாலேயே நம் பக்கத்துச் சமையலறையிலும் வைத்தியர் வீட்டிலும் இருந்தது. பிள்ளைகளிடம் இதை நான் எப்போதும் சொல்வேன்.

பாயான் லெப்பாஸ் கியூசி

இந்த இழையைச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். வாத்தியார் சொன்ன ‘தேர்ந்தெடுப்பது என்பது ஒதுக்குவது’ என்ற அந்த வரிதான் தரச் சோதனை (கியூசி) செய்யும் எங்கள் வேலையே.

எங்களிடம் ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுப்பில், 50 போர்டு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சோதிக்க நேரமில்லை. 5-ஐ எடுத்துச் சோதித்து, ஐந்தும் நன்றாக இருந்தால் லாட்டை விடுவோம். அந்த 50-இல் 3 கெட்டது இருந்தால், அது நம் கண்ணில் படாமலே போக வாய்ப்பு எவ்வளவு?

மரத்தில் ஒரே பாதைதான், ஐந்தும் நல்லது: 47/50 × 46/49 × 45/48 × 44/47 × 43/46. அடித்துவிட்டுப் பெருக்கினால் 0.724. சேர்வில் 47சி5 ÷ 50சி5, அதுவும் 0.724.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கெட்ட போர்டு மூன்றின் பக்கமிருந்து பாருங்கள். அவை மூன்றும் நாங்கள் தொடாத 45-க்குள் ஒளிந்திருக்க வேண்டும். 45சி3 ÷ 50சி3 = 14,190 ÷ 19,600. மறுபடியும் 0.724.

இந்த மூன்றாவது வழியில் எண்கள் சின்னது. அதனால் ‘5-க்குப் பதில் 10 எடுத்தால்?’ என்று உடனே போட்டுப் பார்க்கலாம். 40சி3 ÷ 50சி3 = 0.504. இருபது எடுத்தால் 30சி3 ÷ 50சி3 = 0.207. ஐந்து போர்டு நன்றாக இருந்துவிட்டால் லாட்டே நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். மூன்று கெட்டது இருந்தும் நூற்றுக்கு 72 தடவை தப்பித்துவிடும் என்பதை நானே போட்டுப் பார்த்த அன்றிலிருந்து, ‘ஐந்து போதும்’ என்று யாராவது சொன்னால் ஒரு தாளில் இந்த மூன்று எண்களையும் எழுதிக் காட்டாமல் விடுவதில்லை.

லோரி அண்ணனின் 0.7 முறையும் வீண் இல்லை. 10-க்குப் பதில் 1,000 கறிபாப், 700 உருளைக்கிழங்கு, 300 சார்டின் என்றால் சரியான விடை 0.4417. அவருடைய 0.441-க்கு மிகவும் பக்கம். பெட்டி பெரிதாகிவிட்டால் ஒன்றை எடுத்ததால் விகிதம் பெரிதாக மாறாது. பெட்டி சின்னதாக இருக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

என் அனுபவத்தில் சேர்வு தெரிந்துவிட்டால் மரமே தேவையில்லை. ஐந்து முறை எடுத்தால் 32 நுனி, பத்து முறை என்றால் 1,024. யார் வரைவது?

மிண்டேன் மாணவி

அண்ணா, மற்றதெல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. சேர்வு, எல்லாக் கைப்பிடிக்கும் சம வாய்ப்பு இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். இரண்டு பெட்டி வைத்துப் பாருங்கள். முதல் பெட்டியில் 7 உருளைக்கிழங்கு 3 சார்டின். இரண்டாவதில் 4 உருளைக்கிழங்கு 6 சார்டின். முதலில் ஏதோ ஒரு பெட்டியைத் தொடுகிறோம், அப்புறம் அதிலிருந்து மூன்று. சரியாக இரண்டு உருளைக்கிழங்கு வர வாய்ப்பு என்ன? முதல் கிளை ‘எந்தப் பெட்டி’ என்பதுதான். அந்தக் கிளையை மரத்தில் வரைந்துவிட்டு, ஒவ்வொரு கிளைக்குள்ளும் சேர்வைப் போடலாம். முதல் பெட்டியில் 63/120. இரண்டாவதில் 4சி2 × 6 = 36, ஆக 36/120. ஒவ்வொன்றையும் பாதியாக்கிக் கூட்டினால் 99/240 = 33/80. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

இன்னொன்று. அக்காவின் மகள் போட்ட 7/40-ஐ நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அது ஒரு கேள்விக்கு மிகச் சரியான விடை. ‘சார்டின் வரும் வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துப் பார்க்கிறேன். முதல் சார்டின் மூன்றாவதாக வர வாய்ப்பு என்ன?’ உ, உ, ச. அந்த ஒரே பாதை. 7/10 × 6/9 × 3/8 = 7/40. இங்கே வரிசைதான் கேள்வியே. வரிசையைப் பார்க்காமல் வெறும் 7சி2 × 3சி1 ÷ 10சி3 போட்டால் தவறாகிவிடும். தங்கச்சியிடம் சொல்லுங்கள், அவள் வேறொரு நல்ல கேள்விக்கு விடை எழுதியிருக்கிறாள்.

பாயான் லெப்பாஸ் கியூசி

சரி தங்கச்சி, ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கும் இரண்டு லைனிலிருந்து போர்டு கலந்து வரும் நாட்கள் உண்டு. அன்று நான் இதைத்தான் செய்கிறேன், ஆனால் அதை மரம் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

ஜெலுத்தோங் அம்மா

7/40 பற்றிய அந்தப் பத்தியை மகளிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை முடித்ததும் டியூஷன் தாளை எடுத்து அந்தக் குறுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘முதல் சார்டின் மூன்றாவதாக’ என்று பென்சிலில் எழுதி வைத்துக்கொண்டாள்.

பிறை லோரி

வாத்தியார் சொன்ன ‘திரும்ப வைப்பது’ மண்டையில் ஏறிவிட்டது, நன்றி சார். அதை வைத்து என் மனதில் ரொம்ப நாளாக இருக்கும் ஒன்றைக் கேட்கிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

என் அப்பா 20 வருடமாக 4டி-யில், அந்த நான்கு இலக்க லாட்டரியில், ஒரே நம்பர் எழுதுகிறார். அவருடைய முதல் லோரியின் பிளேட் நம்பர். புதன், சனி, ஞாயிறு, விடுவதே இல்லை. முதல் பரிசு ஒரு தடவைகூட வரவில்லை. ‘இத்தனை வருடம் வராதது இனிமேல் வந்துதானே ஆக வேண்டும், இப்போது நிறுத்தினால் இத்தனை நாள் போட்டது வீண்’ என்கிறார். அவருக்கு வயது 71. நான் என்ன சொல்வது?

மிண்டேன் மாணவி

அண்ணா, இதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை. என் தாத்தாவும் இதே பேச்சுத்தான் பேசுவார். மரியாதையோடு கணக்கை மட்டும் வைக்கிறேன்.

4டி திரும்ப வைக்கும் வகை. ஒவ்வொரு குலுக்கலிலும் 0000 முதல் 9999 வரை 10,000 நம்பரும் திரும்ப உள்ளே வந்துவிடுகின்றன. போன வாரம் எது வந்தது, 20 வருடமாக எது வரவில்லை என்பதெல்லாம் அந்தப் பந்துகளுக்குத் தெரியாது. கறிபாப் பெட்டியில் உருளைக்கிழங்கு குறையக் குறைய சார்டின் வர வாய்ப்பு கூடும். அப்பா மனதில் இருப்பது அந்தப் பெட்டி. 4டி அந்தப் பெட்டி இல்லை.

வாரம் மூன்று குலுக்கல் என்றால் 20 வருடத்தில் 3,120. ஒரு குலுக்கலில் முதல் பரிசு வராமலிருக்க 0.9999. மரத்தில் ‘வரவில்லை, வரவில்லை’ என்ற ஒரே பாதை 3,120 படி நீளம். 0.9999-ஐ அத்தனை தடவை பெருக்கினால் 0.732. நான்கில் மூன்று பேருக்குக் கிட்டத்தட்ட உங்கள் அப்பாவைப் போலத்தான் ஆகும். அவர் அதிர்ஷ்டம் கெட்டவர் இல்லை. அடுத்த குலுக்கலுக்கு வாய்ப்பு, முதல் நாள் இருந்த அதே 10,000-இல் 1.

ஆனால் ஒரு குலுக்கலில் மொத்தம் 23 நம்பர் வருகிறது. முதல் மூன்று, ஸ்பெஷல் பத்து, கன்சலேஷன் பத்து. அதில் ஏதாவது ஒன்று விழ 23/10,000. இத்தனை வருடத்தில் சராசரியாக ஏழு தடவை அப்பாவின் நம்பர் அந்தப் பட்டியலில் வந்திருக்க வேண்டும்.

பிறை லோரி

தங்கச்சி, அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டேன். அம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கன்சலேஷன் நான்கு தடவை, ஸ்பெஷல் இரண்டு தடவை. ஆறு! எனக்குப் புல்லரித்துவிட்டது.

பாயான் லெப்பாஸ் கியூசி

அண்ணே, பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘பிக்’ என்று 1 வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, ஸ்பெஷல் ஒவ்வொன்றும் 180, கன்சலேஷன் ஒவ்வொன்றும் 60. எல்லாவற்றையும் கூட்டினால் 2,500 + 1,000 + 500 + 1,800 + 600 = 6,400. பத்தாயிரம் நம்பரையும் ஒருவரே வாங்கினால் 10,000 வெள்ளி போட்டு 6,400 வெள்ளி எடுப்பார். ஆக ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்பி வருவது 64 காசு. 3,120 வெள்ளி போட்டால் ஏறக்குறைய 2,000 வெள்ளி திரும்ப வரும். 1,100 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே போய்விடும்.

நம்பரைத் திருப்பித் திருப்பி எல்லா வகையிலும் எழுதினால் கண்டிப்பாக அடிக்கும் என்பார்கள். நான்கும் வெவ்வேறு எண் என்றால் 24 வகை, ஓர் எண் இரட்டையாக இருந்தால் 12, இரண்டு ஜோடி என்றால் 6. வாய்ப்பு 24 மடங்கு கூடும், கட்டும் பணமும் 24 மடங்கு. அந்த 64 காசு மாறாது.

58 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்கும் 6/58 டோட்டோ லாட்டரியில் வரிசை கிடையாது, ஆறு எண் சேர்ந்தால் போதும். அதுதான் சேர்வு: 58சி6 = 40,475,358. நான்கு கோடிக்கு மேல். 4டி-யில் வரிசை உண்டு, அதனால் அது சேர்வு இல்லை. இந்த இழையில் பேசிய இரண்டும் நம் தெருமுனைக் கடையிலேயே அடுத்தடுத்து இருக்கின்றன.

பிறை லோரி

அப்பாவிடம் இப்படியே சொன்னேன். நிறுத்தச் சொல்லவில்லை, அவருக்கு அந்த லோரிமேல் இருக்கும் பாசம் எனக்குத் தெரியும். ‘வந்துதான் ஆக வேண்டும்’ என்பது இல்லை என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதுகிறேன் என்றார்.

ஜெலுத்தோங் அம்மா

எல்லாருக்கும் நன்றி. இது மகள் தட்டச்சு செய்வது:

வணக்கம் சார், அக்கா, அண்ணா. அக்காவின் இரண்டு பெட்டிக் கேள்வியை மாற்றிப் பார்த்தேன். எங்கள் பாட்டி தைப்பூச விரதத்தில் சார்டின் சாப்பிட மாட்டார். இருட்டில் ஏதோ ஒரு பெட்டியிலிருந்து ஒரே ஒரு கறிபாப் எடுத்துப் பிட்டுப் பார்க்கிறோம், சார்டின். அப்படியென்றால் அது இரண்டாவது பெட்டியாக இருக்க வாய்ப்பு என்ன?

முதல் பெட்டி, சார்டின்: 1/2 × 3/10 = 3/20. இரண்டாவது பெட்டி, சார்டின்: 1/2 × 6/10 = 6/20. சார்டின் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு இந்த இரண்டு நுனிதான் மிச்சம். மற்ற இரண்டு நுனியையும் வெட்டிவிட்டேன். மொத்தம் 9/20. அதில் இரண்டாவது பெட்டி 6/20. ஆக 6/9 = 2/3. சரியா சார்?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

சரி கண்ணு. 2/3. வேண்டாத நுனிகளை வெட்டிவிட்டு மீதியை மொத்தமாக எடுத்துக்கொள்ள உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நீயே செய்திருக்கிறாய்.

இப்போது அந்தச் சார்டினைத் தனியே வைத்துவிட்டு, அதே பெட்டியிலிருந்து இன்னொன்று எடு. அதுவும் சார்டினாக இருக்க வாய்ப்பு என்ன? மரத்தை நீ வெட்டிய இடத்திலிருந்து தொடங்கு. பெட்டியில் இப்போது ஒன்பதுதான் இருக்கிறது என்பதை மறக்காதே.

ஜெலுத்தோங் அம்மா

முதல் பெட்டியாக இருந்தால் 2/9, இரண்டாவதாக இருந்தால் 5/9. 1/3 × 2/9 + 2/3 × 5/9 = 12/27 = 4/9. நானே போட்டேன் சார், அம்மா உதவவில்லை.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

4/9. சரி.